குவாங்சோவில் ரயில் எளிது, கைப்பேசிதான் கஷ்டம்

தென்சீனாவின் குவாங்சோ நகரில், பையுன் விமான நிலையத்தில் இமிகிரேஷன் முடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தால், கட்டடத்தோடு ஒட்டியே மெட்ரோ நிலையம் இருக்கிறது. பலகைகளில் ஆங்கிலம் உண்டு. டிக்கெட் இயந்திரத்தின் திரையையும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பத்து யுவானுக்குள், நம் கணக்கில் சுமார் 120 ரூபாய்க்குள், ஊரின் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம். ஒரு கோடியே 80 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் ஊருக்குள், சீன மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாதவர் இப்படி நுழைய முடிவது பெரிய விஷயம்.

ஆனால் அந்த இயந்திரத்துக்கு முன்னால்தான் பலர் திகைத்து நிற்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் கைப்பேசியைக் காட்டிவிட்டு நிற்காமல் போய்விடுகிறார். நம் கையில் இருப்பது விமான நிலையத்தில் மாற்றிய நூறு யுவான் நோட்டு. எல்லா இயந்திரமும் பெரிய நோட்டை வாங்குவதில்லை. கூகுள் மேப் திறக்கவில்லை. ஊரில் இருக்கும் நண்பரிடம் கேட்கலாம் என்றால் வாட்ஸ்அப்பும் போகவில்லை. ரயில் கண்ணெதிரே இருக்கிறது, ஏறத்தான் வழி தெரியவில்லை.

இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பயணம் சுலபமாகிவிடும். ஒவ்வொருவரிடமும் உள்ளூர்க் கைப்பேசி எண், அரசு அடையாள அட்டை, பணம் செலுத்தும் செயலி, உள்ளூர் வரைபடம் ஆகிய நான்கும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் இன்றைய சீனப் பெருநகரம் இயங்குகிறது. வருகிறவரிடம் இந்த நான்கும் இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒன்றை வீட்டிலேயே தயார் செய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

முதலில் பணம். நம்மூரைப் போலவே சீனாவிலும் கிரெடிட் கார்டு எல்லார் கையிலும் புழங்கிய பொருள் அல்ல. அலிபே என்ற பணம் செலுத்தும் செயலி 2004இல் இணைய வியாபாரத்துக்காகத் தொடங்கியது. 2013இல் வீசாட் என்ற அரட்டைச் செயலிக்குள் பணம் செலுத்தும் வசதி வந்தது. கடைக்காரருக்கு கார்டு மெஷின் வாங்கும் செலவு இல்லை, ஒரு கியூஆர் தாளை ஒட்டினால் போதும். அதனால் பெரிய கடை முதல் வேகவைத்த சோளம் விற்கும் தள்ளுவண்டி வரை சில ஆண்டுகளிலேயே அது பரவிவிட்டது. யுபிஐ பழகிய நமக்கு இது புதிதல்ல. வேறுபாடு ஒன்று உண்டு: நம்மூரில் எந்தச் செயலியாலும் எந்தக் கடையின் கியூஆரையும் ஸ்கேன் செய்யலாம், அங்கே எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு நிறுவனங்களின் பணப்பைகளைச் சுற்றியே நடக்கிறது. பல கடைகளில் நாம் ஸ்கேன் செய்வதற்குப் பதிலாக, நம் திரையில் வரும் கியூஆரைக் கடைக்காரர் ஸ்கேன் செய்வார்.

2023 வரை வெளிநாட்டவருக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. அந்த ஆண்டு ஜூலையிலிருந்து விசா, மாஸ்டர்கார்டு போன்ற வெளிநாட்டு அட்டைகளை இரண்டு செயலிகளோடும் இணைக்கும் வழி முறையாகத் திறந்தது. 200 யுவான் வரையிலான செலவுக்குக் கூடுதல் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம். அலிபேயில் நம் நாட்டுக் கைப்பேசி எண்ணைக் கொடுத்தே கணக்குத் தொடங்கி, பாஸ்போர்ட் படத்தை ஏற்றி அடையாளத்தை உறுதி செய்துகொள்ளலாம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே வங்கிச் செயலியில் இயக்கினால்தான் அது வேலை செய்யும். இதைச் செய்யாமல் போய்விட்டு, "அலிபே என் கார்டை ஏற்கவில்லை" என்று அங்கே தவிப்பவர்கள் உண்டு. ஓடிபி வரும் எண்ணும் அங்கே உயிரோடு இருக்க வேண்டும். இதையெல்லாம் விமான நிலையத்தில் நின்றுகொண்டு செய்ய நினைக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் உட்கார்ந்து முடித்துவிடுங்கள்.

ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்பது சீன மத்திய வங்கியின் விதி. நடைமுறையில் சின்னக் கடைகளில் சில்லறைதான் இருக்காது. ஐந்து, பத்து, இருபது யுவான் நோட்டுகளாகச் சில நூறு யுவான் கையில் இருந்தால் மனதுக்கு நிம்மதி.

அடுத்தது இணையம். கூகுள், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எதுவும் சீன நெட்வொர்க்கில் திறக்காது என்பது பலருக்குத் தெரியும். நம் ஊர் சிம்மை ரோமிங்கில் போட்டுக்கொண்டு போனால் அவை பெரும்பாலும் திறக்கும் என்பது அவ்வளவாகத் தெரியாது. ரோமிங்கில் இருக்கும்போது நம் டேட்டா அங்குள்ள கோபுரம் வழியாகப் போனாலும், நம் நிறுவனத்தின் வலைக்குத் திரும்பி வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குள் நுழைகிறது. அதனால் சீனத் தடுப்பு அதன் மேல் படுவதில்லை. பயணிகளுக்கென விற்கப்படும் இ-சிம்களும் இப்படித்தான். அங்கேயே வாங்கும் சிம் மலிவு, ஆனால் தடுப்புக்கு உள்ளே இருக்கும். சில நாட்களுக்குப் போகிறவர்களுக்கு ரோமிங்கோ இ-சிம்மோதான் நல்லது. இலவச வைஃபையை நம்பிப் போக வேண்டாம். அதற்குள் நுழையவே பல இடங்களில் கைப்பேசிக்கு ஓர் எஸ்எம்எஸ் வர வேண்டும்.

சரி, கூகுள் திறந்துவிட்டது, மேப் பார்க்கலாம்தானே? அங்கேதான் இன்னொரு குழி. சீனாவில் வெளியாகும் வரைபடங்கள் உலகம் பயன்படுத்தும் ஆயத்தொலைவு முறையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஜிசிஜே-02 என்ற அரசு முறைப்படி ஒவ்வொரு புள்ளியும் சற்றே நகர்த்தப்படுகிறது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் நகராது, இடத்துக்கு இடம் மாறும். அதனால் வெளிநாட்டு வரைபடத்தில் நீங்கள் நிற்கும் நீலப் புள்ளி சில நூறு மீட்டர் தள்ளி, ஆற்றுக்குள்ளேயோ அடுத்த தெருவிலேயோ நிற்கும். கூகுளின் சீனத் தகவல்களும் பழையவை. அமேப் அல்லது பைடு என்ற உள்ளூர் வரைபடச் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிள் மேப்பும் உதவும், அது சீனாவுக்குள் அமேப் தரும் தகவலில் ஓடுகிறது.

வரைபடத்தில் தேடப் பெயர் வேண்டும். சீனப் பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் தமிழருக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. இசட்-எச் என்று பார்த்ததும் நம் கண் அதை ழ என்று வாசிக்கும். அங்கே அது சகரத்துக்கும் ஜகரத்துக்கும் நடுவில் நிற்கும் ஒலி. குவாங்ழோ என்று டாக்சிக்காரரிடம் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. சரியாக உச்சரித்தாலும், ஏற்ற இறக்கம் மாறினால் வேறு சொல்லாகிவிடும். அதனால் ஹோட்டலின் பெயரையும் முகவரியையும் சீன எழுத்திலேயே கைப்பேசியில் படமாக வைத்துக்கொள்வதுதான் வழி. வரவேற்பறையில் ஒரு கார்டு கேட்டு வாங்கிப் பர்ஸில் வையுங்கள், பேட்டரி தீர்ந்தாலும் வீடு திரும்பலாம்.

நாலே நாலு சொல் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்: தோங் கிழக்கு, நான் தெற்கு, ஷீ மேற்கு, பெய் வடக்கு. இந்த நான்கும் சாலைப் பெயரிலும் ரயில் நிலையப் பெயரிலும் திரும்பத் திரும்ப வரும். ஒரே நீண்ட சாலை கிழக்கு, நடு, மேற்கு என்று துண்டு துண்டாகப் பெயர் பெறும். சீனக் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட் சென்னின் நினைவாகப் பெயரிடப்பட்ட ஜோங்ஷான் சாலை குவாங்சோவில் ஒன்று முதல் எட்டு வரை எண்ணிட்ட துண்டுகளாக ஓடுகிறது. "ஜோங்ஷான் சாலை" என்று மட்டும் தெரிந்தால் பயனில்லை. உள்ளூர்க்காரர்கள் இடத்தைச் சொல்லும்போது மெட்ரோ நிலையத்தின் பெயரோடு வெளிவழியின் எழுத்தையும் சேர்த்துச் சொல்வார்கள்: இந்த நிலையம், டி வாசல். அகலமான சாலைச் சந்திப்புகளில் தவறான வாசலில் ஏறினால், எதிர்ப்பக்கம் போகவே பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கும்.

போய்ச் சேருவது பற்றி. 2020இல் நின்றுபோன இந்திய-சீன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கின. அவற்றில் முதலில் வந்தது கொல்கத்தா-குவாங்சோ, அப்புறம் டெல்லி-குவாங்சோ. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அந்த இரண்டு ஊர்களுக்கோ சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங்குக்கோ போய் மாறலாம். சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் உள்ள தமிழர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தியருக்கும் இலங்கையருக்கும் விசா வேண்டும். பத்து நாள் விசா இல்லாமல் கடந்து போகலாம் என்று பேசப்படும் 240 மணி நேரச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. வேறொரு நாட்டுக்கு உறுதியான டிக்கெட் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் கடந்து போகும் வசதி மட்டும் பெரும்பாலான நாட்டவருக்கும் உண்டு.

ஹாங்காங் வழியாகப் போகிறவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டிய ஒன்று: ஹாங்காங் சீனாவின் பகுதிதான், ஆனால் குடிநுழைவுக் கணக்கில் தனி. குவாங்சோவிலிருந்து ஒரு நாள் ஹாங்காங் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினால் சீனாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. ஒருமுறை நுழையும் விசா அதோடு முடிந்துவிடும். இரண்டு முறை நுழையும் விசாவைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். இந்தியர்கள் ஹாங்காங்குக்குள் நுழைய இணையத்தில் முன்பதிவும் செய்திருக்க வேண்டும். மற்றபடி அந்த ரயில் பயணம் அருமையானது. 2018 செப்டம்பரில் திறந்த அதிவேகப் பாதையில் ஹாங்காங்கின் மேற்குக் கவ்லூன் நிலையத்திலிருந்து குவாங்சோ தெற்கு நிலையத்துக்கு ஒரு மணி நேரம்தான். இரண்டு பக்கத்துக் குடிநுழைவுச் சோதனையும் மேற்குக் கவ்லூனிலேயே முடிந்துவிடும், இறங்கியதும் நேராக வெளியே போகலாம்.

குவாங்சோ தெற்கு நிலையம் ஊருக்குள் இல்லை. பான்யூ பகுதியில், பழைய நகரிலிருந்து மெட்ரோவில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அது இவ்வளவு பெரிய நிலையமாக இருப்பதற்கு ஒரு பின்னணி உண்டு. சீனா முழுவதிலுமிருந்து தொழிலாளர்கள் வந்து குவியும் மாகாணத்தின் தலைநகரம் இது. சீனப் புத்தாண்டான வசந்தத் திருவிழாவுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் ஊர் திரும்புவார்கள். 2008 ஜனவரியில் பனிப்புயலால் வடக்கே ரயில் பாதை முடங்கியபோது, நகர நடுவிலுள்ள பழைய குவாங்சோ நிலையத்தின் முன்னால் லட்சக்கணக்கானோர் நாட்கணக்கில் நின்றார்கள். தெற்கு நிலையத்தின் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தாலும், இத்தனை பெரிய வெளியும் கூரையும் ஒரு நிலையத்துக்கு எதற்கு என்ற கேள்விக்கு அந்தக் குளிர்காலமே பதில். நிலையம் 2010 ஜனவரியில் திறந்தது. 2012 டிசம்பரில் அங்கிருந்து பெய்ஜிங் வரை சுமார் 2300 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்தில் என்று ஆனது.

இப்போது நகரில் குவாங்சோ, குவாங்சோ கிழக்கு, தெற்கு, வடக்கு, 2023 டிசம்பரில் வந்த பையுன் நிலையம் என ஐந்து முக்கிய நிலையங்கள். டிக்கெட்டில் எந்த நிலையம் என்று இரண்டு முறை பாருங்கள். நம்மூரில் எழும்பூரும் சென்ட்ரலும் ஆட்டோ தூரம், இங்கே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். விமான நிலையத்தின் பெயரும் பையுன், புதிய ரயில் நிலையத்தின் பெயரும் பையுன். இரண்டும் வேறு வேறு இடம்.

ரயில் டிக்கெட் 12306 என்ற அரசுச் செயலியில், பயணத்துக்கு 15 நாள் முன்பு திறக்கும். ஆங்கிலப் பக்கம் உண்டு. காகித டிக்கெட் கிடையாது, பாஸ்போர்ட்தான் டிக்கெட். சீனர்கள் அடையாள அட்டையை வைத்ததும் திறக்கும் வாசல் பல இடங்களில் நம் பாஸ்போர்ட்டைப் படிக்காது. ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழிக்குப் போனால் கையால் பார்த்து அனுப்புவார். நுழையும்போது பெட்டி சோதனையும் உண்டு, புறப்பாட்டுக்குச் சில நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவதுதான் பாதுகாப்பு. உள்நாட்டு விமானத்தில் போவதாக இருந்தால், 2025 ஜூன் கடைசியிலிருந்து சீனாவின் 3சி என்ற பாதுகாப்புத் தர முத்திரை இல்லாத பவர்பேங்க்கை ஏற்ற விடுவதில்லை.

இனி மெட்ரோ. 1997இல் ஒரே பாதையின் ஒரு துண்டோடு தொடங்கி, இன்று 600 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நாளுக்கு 80 லட்சம் பயணங்களுக்கு மேல் நடக்கின்றன. முதல் 4 கிலோமீட்டருக்கு 2 யுவான், அப்புறம் தூரம் கூடக் கூட மெதுவாக ஏறும். வட்டமான பிளாஸ்டிக் டோக்கனை நுழையும்போது காட்ட வேண்டும், வெளியேறும்போது துளையில் போட வேண்டும். அலிபேயில் ஊரைக் குவாங்சோ என்று தேர்ந்தெடுத்தால் பயணத்துக்கான கியூஆர் கிடைக்கும், டோக்கன் வரிசை மிச்சம். அறிவிப்பு மாண்டரின், கான்டனீஸ், ஆங்கிலம் என்று மூன்று மொழியில் வரும். ஊரின் சொந்த மொழியான கான்டனீஸை ரயிலுக்குள் கேட்பதே எனக்கு மகிழ்ச்சியான விஷயம்.

விமான நிலையத்திலிருந்து வரும் 3ஆம் பாதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நகரிலேயே அதிகம் நெரியும் பாதை அது. 2005 கடைசியில் திறந்தபோது மூன்றே பெட்டிகளோடு ஓடியது. தெற்கே பான்யூவிலும் வடக்கேயும் மலிவான வீடுகள் பெருகி, எல்லாரும் வேலைக்காகத் தியான்ஹ வணிகப் பகுதிக்கு வரத் தொடங்கியதும், 2010இல் ஆறு பெட்டி ஆக்கியும் போதவில்லை. விமான நிலையக் கிளையும் தெற்கே போகும் முதன்மைப் பாதையும் சந்திக்கும் தியூ ஷீலு நிலையத்தில், காலை எட்டு மணிக்குப் பெரிய பெட்டியோடு நின்றால் ஏறுவது கடினம். அங்கிருப்பவர்கள் யாரும் முரட்டுத்தனமானவர்கள் இல்லை, இடம்தான் இல்லை. முடிந்தால் காலை ஏழரை முதல் ஒன்பதரை வரையும் மாலை ஐந்தரை முதல் ஏழரை வரையும் தவிர்த்துவிடுங்கள்.

இந்த ஊரின் பயணத் தேவை எவ்வளவு அழுத்தமானது என்பதை 2010 நவம்பர் காட்டியது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஒரு மாதம் பொதுப் போக்குவரத்து இலவசம் என்று நகர அரசு அறிவித்தது. மெட்ரோவில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு வாரத்திலேயே இலவசத்தை நிறுத்தி, அதற்குப் பதிலாகக் குடும்பங்களுக்குப் பணமாகக் கொடுத்தார்கள். 2024 டிசம்பர் கடைசியில், 44 கிலோமீட்டர் சுற்று வரும் 11ஆம் பாதை திறந்தது. நடுப்பகுதிக்குள் போகாமலே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போக இப்போது வழி இருக்கிறது. வரைபடச் செயலி ஒரு நிமிடம் கூடுதலாகக் காட்டினாலும், பெட்டி உள்ளவர்கள் அந்த வட்டத்தையே தேர்ந்தெடுக்கலாம்.

வியாபாரத்துக்காகப் போகும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் கான்டன் ஃபேருக்குத்தான் போகிறார்கள். 1957 வசந்தத்திலிருந்து நடக்கும் ஏற்றுமதி வணிகச் சந்தை அது. ஏப்ரல் 15இலும் அக்டோபர் 15இலும் தொடங்கி மூன்று கட்டமாக நடக்கும். அரங்கம் பாசோவில், 8ஆம் பாதையில் இருக்கிறது. அந்த வாரங்களில் ஹோட்டல் வாடகை பல மடங்கு ஏறும். அரங்கத்தை ஒட்டியே தங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், 8ஆம் பாதையில் ஐந்தாறு நிலையம் தள்ளித் தங்கினால் நல்ல மிச்சம். எங்கே தங்கினாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குப் பதிவு போக வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். நண்பர் வீடு என்றால் நாமே பதிவு செய்ய வேண்டும், பலர் மறந்துவிடும் விதி இது.

மெட்ரோ இரவு பதினொன்றையொட்டி ஓய்ந்துவிடும். அதற்கு மேல் டாக்சி அல்லது ஓலா, ஊபர் போன்ற டீடி. டீடியை அலிபேக்குள்ளிருந்தே ஆங்கிலத்தில் அழைக்கலாம். வண்டியில் ஏறியதும் ஓட்டுநர் ஏதோ கேட்பார். பெரும்பாலும் அது உங்கள் கைப்பேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான், திரையைக் காட்டினால் போதும். விமான நிலைய வாசலில் தாமாகவே வந்து "டாக்சி?" என்று கேட்பவர்களோடு போகாதீர்கள், முறையான வரிசை பக்கத்திலேயே இருக்கும்.

நடக்கும்போதுதான் உண்மையான எச்சரிக்கை தேவை. வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் சாலையில் இறங்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும், நம் கழுத்துக்கு அது பழக்கமில்லை. நடப்பவருக்குப் பச்சை விளக்கு எரியும்போதும் வலப்பக்கம் திரும்பும் கார்கள் வரலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. மின்சார ஸ்கூட்டர்கள் சத்தமே இல்லாமல் நடைபாதையிலும் வரும். கைப்பேசியில் வழி பார்க்க வேண்டும் என்றால் ஓரமாக நின்று பாருங்கள்.

முதல் நாள் பழகிப் பார்க்க ஒரு பயணம் சொல்கிறேன். 8ஆம் பாதையில் ஹுவாலின் கோயில் நிலையத்தில் இறங்குங்கள். பச்சைக்கல் கடைகள் நிறைந்த சந்துகளுக்குள் அந்தப் பௌத்தக் கோயில் இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து கடல் வழியாக வந்த போதிதர்மர் சீனாவில் முதன்முதலாகக் கரையிறங்கிய இடம் இதுவே என்பது அந்த ஊரின் மரபு. அவரைக் காஞ்சிபுரத்தோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. மேற்கிலிருந்து வந்தவர் முதலில் மிதித்த நிலம் என்ற பொருள் தரும் பெயர் இன்றும் அந்தப் பகுதிக்கு வழங்குகிறது. சுற்றிப் பார்த்தால் கடைகளும் வீடுகளும்தான், தண்ணீர் கண்ணில் படாது. இத்தனை நூற்றாண்டுகளில் முத்து ஆற்றின் கரை வண்டல் சேர்ந்து தெற்கே நகர்ந்துவிட்டது. இன்றைய கரையைப் பார்க்க அதே பாதையில் ஒரு நிலையம் தள்ளிப் பண்பாட்டுப் பூங்காவில் இறங்க வேண்டும், அங்கிருந்து ஆறு நடக்கும் தூரம்.